காலைத் தாண்டாத பிள்ளைகள்

அந்தப் பல் மட்டும் விழாமல் இருந்திருந்தால், கிருஷாந்தி அவனைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பகல் மூன்று மணி. அப்புத்தளைக்குக் கீழே, பாதி மலையில் தொங்குகிற அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பதினாலு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாமார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் கிருஷாந்தியின் வேலை. பண்டாரவளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமாமிர்தத்தின் ஒரே மகள். பஸ்ஸில் வந்து போகிறவள். வேலையில் சேர்ந்து இரண்டே மாதம்.

மத்தியானத்தில் மட்டும் வந்து போகிற டிலுக்ஷி, தூக்கத்திலிருந்து எழுந்து வந்து உள்ளங்கையை விரித்தாள். ஒரு குட்டிப் பால் பல்!

"டீச்சர்... விழுந்திருச்சு!"

நாலரை வயதுப் பிள்ளைக்கா? கிருஷாந்தி அவளுடைய பையைத் திறந்தாள். அடியில் மடித்து வைத்த வெள்ளை யூனிபோம், இரண்டாம் வகுப்புக் கொப்பிகள். ஐந்து வயது தாண்டிய பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் வைத்திருக்கக் கூடாது. ஒரு வாரமாக ஏமாந்திருக்கிறாள்! கோபம் ஜிவ்வென்று ஏறியது.

ஐந்து மணிக்கு வாசலில் இருமல் சத்தம். உள்ளே தாய்மார் பால் கொடுப்பார்கள் என்பதால் ஆண்கள் வெளியே நின்று இருமுவதுதான் அங்கே வழக்கம். விறுவிறுவென்று வெளியே வந்தவள்... ஒரு நிமிடம் நின்றுவிட்டாள்.

பெக்டரியிலிருந்து நேராக வந்திருந்தான் டிலுக்ஷியின் அப்பா ஜனுஷன். இமை முடியில்கூடத் தேயிலைத் தூள்... அதற்குள்ளே அமைதியான இரண்டு கண்கள். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உங்க மகளுக்கு என்னங்க வயசு?"

"நாலரைன்னு எழுதிக் குடுத்தேனே..."

"நாலரை வயசுலயே முன்னம்பல் விழுந்துருமா? தகப்பனே பொய் சொல்லிக் குடுத்தா, பிள்ள எப்படி உருப்படும்?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"இவ அம்மா செத்து மூணு வருசமாச்சுங்க. ஸ்கூல் ஒன்றரைக்கு விட்டுரும். எனக்கு அஞ்சு மணிக்குத்தான் வேல முடியும். நடுவுல மூணரை மணி நேரம்... இந்த மலையில ஒரு ஏழு வயசுப் பிள்ளைக்கு எங்க எடம் இருக்குன்னு சொல்லுங்க, அங்க விடுறேன்."

"அது... ரூல்ஸ்ங்க..."

"சரிங்க. இனிமே வரமாட்டோம்."

மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பியே பார்க்கவில்லை. என்ன வீம்பு! ஆனால் பஸ்ஸில், வீட்டில், சாப்பாட்டுத் தட்டில்... எங்கே பார்த்தாலும் அந்தக் கண்கள்தான். உனக்கு என்னடி வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் போயிற்று. கைக்குழந்தையை வாங்க வந்த பாக்கியலெட்சுமியிடம் மெல்லக் கேட்டாள். "அக்கா, உங்க மூத்தவ ஸ்கூல் விட்டு எங்க இருப்பா?"

"நம்ம ஜனுஷன் தம்பி பாத்துக்குதே டீச்சர்!"

"அவரு பெக்டரியில இல்லையா?"

"நைட் சிப்ட்டுக்கு மாறிருச்சே. ராவெல்லாம் வேல... பகல்ல வாசிகசாலையில பிள்ளைகளோட இருக்கு. மொதல்ல அது மக மட்டுந்தான். இப்ப நாங்களும் விட்டுட்டோம், மொத்தம் பதினொண்ணு. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல!"

அன்றிரவு கிருஷாந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நேராகத் தோட்ட மேனேஜர் தொரையின் ஆபீஸுக்குப் போனாள். மத்தியானம், துணைக்கு இருக்கும் அக்காவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வாசிகசாலைக்கு இறங்கினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிர்மலை அப்படியே மறைந்து போனது.

வாசிகசாலைக்கு ஒரே வாசல்.

ஒரு பக்க நிலையில் முதுகைச் சாய்த்து, எதிர் நிலை வரைக்கும் இரண்டு கால்களையும் நீட்டி, வாசலை அடைத்தபடி ஜனுஷன் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே பதினொரு பிள்ளைகள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. எழுதினார்கள், அழித்தார்கள், ஜாடையிலேயே சண்டை போட்டார்கள். ஒரு பென்சில் உருண்டதற்குப் பத்துப் பேர் விரலை உதட்டில் வைத்தார்கள்!

மழையைப் பார்க்க ஓடி வந்த ஒரு சின்னது, அவன் காலருகே வந்ததும் சட்டென்று நின்றது.

"தாண்டக் கூடாது டீச்சர்," என்று கிசுகிசுத்தாள் டிலுக்ஷி. "தூங்குறவங்களத் தாண்டினா அவங்க வளர மாட்டாங்க. அப்பா பாவம்ல?"

கிருஷாந்தி பிள்ளைகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினாலு பேரை அடக்க அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள்... இவன் தூங்கியே காவல் காக்கிறான்! இவனையா பொய்க்காரன் என்றாள்? எழுப்ப மனம் வரவில்லை. தாண்டவும் முடியாது. கூரை இறவாணத்தடியில் ஒண்டி நின்றாள். சாரல் நனைத்தது. களைத்துப்போன அந்த முகத்தைப் பார்த்தாள், பார்த்தாள்... ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மழை விட்டதும் அவன் திடுக்கிட்டு விழித்தான். முதலில் பிள்ளைகளை எண்ணினான். பிறகுதான் அவளைப் பார்த்தான்.

"டீச்சர்! எழுப்பியிருக்கலாமே... தாண்டியாவது உள்ள வந்திருக்கலாம்..."

"நீங்க வளராமப் போயிட்டா?"

"இதுக்கு மேலயுமா?" சிரித்தான். முதல்முறையாகச் சிரித்தான். மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தது மாதிரி இருந்தது அவளுக்கு.

"நாளையிலேருந்து எல்லாரையும் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்புங்க. பின்னால சாமான் ரூம் சும்மா கெடக்கு. தொரைகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு... பொறுப்பு என் தலையில."

அவன் சிரிப்பு நின்றது. "பாவம் பாத்து செய்றீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேங்க. அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீங்க பகல் வேலைக்கு மாறிக்கங்க. ராத்திரியில தூங்குங்க."

தரையில் கிடந்த ஒரு பென்சிலை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு மெதுவாக, "டீச்சர்... எழுப்பாம இப்படி நனைஞ்சுகிட்டு நின்னா நான் வேற மாதிரி நெனச்சுருவேன். அன்னைக்கு நீங்க திட்டுனதே இன்னும் காதுல இருக்கு... போகவும் மாட்டேங்குது, போகணும்னும் இல்ல. ஆனா நான் பிள்ளையோட நிக்கிறவன். உங்கப்பா கடை மொதலாளி."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவீங்க?"

அவள் கன்னம் சூடானது. பதினொரு பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எல்லாரையும் ஒருத்தர் பாத்துக்கிறாரு... அவர நான் பாத்துக்கணும்னு."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. கால்களை மடக்கி வழி விட்டான்.

"உள்ள வாங்க... கிருஷாந்தி."