நான்கு துளைகள்

மாஸ்க்கின் உட்புறம் பனித்திருந்தது.

தௌசீப் பின்னறை வாசலில் நின்றபடியே அதைப் பார்த்தான். மூக்கையும் வாயையும் மூடுகிற அந்தக் கண்ணாடி போன்ற கிண்ணம், பட்டைகள் கீழே தொங்க, ஆணியில் கிடந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி மாட்டிவிட்டுப் போனதுபோல் உள்ளே வெள்ளையாய் ஆவி படிந்திருந்தது. மழைக்காலம், சுவரே வியர்க்கிறது, மாஸ்க் வியர்க்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பக்கத்து ஆணியில் தொங்கிய, அவன் மனைவி ஷப்ரீனின் மூக்குக்கண்ணாடி சுத்தமாகக் காய்ந்திருந்தது. இரண்டையும் போடுவதற்கு ஆளில்லாமல் முப்பத்தொன்பது நாள் ஆகிறது.

முன்னறையில் அம்மா உம்முல் குல்சும் நாளைய நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மஃரிப் தொழுது முடித்த நேரம். உத்திரமேரூர் ஏரி நிரம்பி, கலங்கல் வழிகிற இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்டது. தௌசீப் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்தப் பனி கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவன் வேலையே மாஸ்க்தான். ஒரகடம் பக்கத்தில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில், மூச்சு மெஷினோடு சேர்கிற மாஸ்க்குகளை வடிவமைக்கிறவன். முகம் புண்ணாகாமல், காற்று ஒழுகாமல், போட்டிருப்பதே தெரியாமல் இருக்கவேண்டும் என்று பதினொரு வருடமாக மனிதர்களின் மூக்குத்தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். புது மாஸ்க்கை நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கவும் அவனைத்தான் அனுப்புவார்கள். போட்டவுடன் எல்லோருக்கும் அதைக் கழற்றி எறியத்தான் தோன்றும். மூச்சு முட்டுவதுபோல் ஒரு பயம் வரும். தௌசீப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "பத்து நிமிஷம் பொறுங்க, பழகிடும்" என்பான். அவன் சொன்னால் பழகிவிடும். அப்படி ஒரு குரல் அவனுக்கு.

ஊரார் மூக்குக்கெல்லாம் அளவெடுத்தவனுக்குத் தன் வீட்டு மூக்குக்கு அளவெடுக்கிற வேளையும் வந்தது. ஷப்ரீனுக்குத் தசைகள் தேய்கிற நோய். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸ் நழுவியது முதல் அறிகுறி. பிறகு கால், பிறகு கை, பிறகு பேச்சு. கடைசியில் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவள் சொன்னபடி கேட்டது. மூச்சுத் தசைகளும் தளர்ந்ததால் ராத்திரியில் மெஷின்தான் அவளுக்குக் காற்று தள்ளவேண்டும். கடையில் வாங்கிய மாஸ்க் மூக்குத்தண்டைச் சிவப்பாய்ப் புண்ணாக்கியது. அதனால் அவள் முகத்துக்கே அச்செடுத்து, பிளாஸ்டரில் அவள் முகத்தை வார்த்து, அதன் மேல் வைத்து ஒரு மாஸ்க் செய்தான்.

அந்தப் பிளாஸ்டர் முகம் வீட்டுக்கு வந்த அன்று, வானவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்களே என்று அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உருவம் கீற வூட்டுக்குள்ள மலக்குமாருங்க வரமாட்டாங்க. இத எட்துக்கினு போயி கம்பெனியிலயே வச்சிக்கோ" என்றாள். அப்போது ஷப்ரீனுக்குக் கொஞ்சம் பேச்சு மிச்சமிருந்தது. திக்கித் திக்கி, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ உசுரு வாங்க வர்ற மலக்கும் வரமாட்டாரு மாமி. இருந்துட்டுப் போவட்டும்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். முகம் பின்னறை அலமாரியில், ஒரு துணிக்கு அடியில் தங்கிவிட்டது.

மாஸ்க் பஞ்சுபோல் உட்கார்ந்தது. ஒரு குறைதான். விட்ட மூச்சு வெளியே போக மாஸ்க்கின் முன்பக்கம் ஆறு சிறு துளைகள் உண்டு. அதிலிருந்து 'உஸ்' என்று ஓயாமல் சத்தம். காற்று கண்ணில் அடித்துக் கண் எரிச்சல். இரண்டு மாதமாக ஷப்ரீன் தூங்கவில்லை. கண்ணாலேயே அவனைக் கெஞ்சினாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல், ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று நினைத்து, அவன் நான்கு துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்தான். கம்பெனியில் யாராவது இதைச் செய்திருந்தால் அவனே கன்னத்தில் அறைந்திருப்பான். விட்ட மூச்சு வெளியேறாவிட்டால் அதையே திரும்ப இழுக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி.

சத்தம் நின்றது. ஷப்ரீன் விரலால் இரும்புக் கட்டிலின் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் போட்டிருந்த வெள்ளி மோதிரம் பட்டு 'டிங்' என்றது. ஒரு தட்டு என்றால் சுகமாக இருக்கிறேன் என்று பொருள்; விடாமல் தட்டினால் மாஸ்க்கைக் கழற்று என்று பொருள். அது அவர்கள் இருவருக்குள் மட்டும் இருந்த பேச்சு.

அன்று ராத்திரி அவன் தூக்கத்தில் அந்தச் சத்தம் வந்தது. டிங். டிங். டிங். இரண்டு மாதத் தூக்கம் அவனுக்கும் பாக்கி. கண்ணைத் திறக்காமல், பதினொரு வருடப் பழக்கத்தில், அன்பாகவே சொன்னான்: "பத்து நிமிஷம் பொறு ஷப்ரீன். பழகிடும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

விடிந்தபோது விரல் கம்பியின் மேலேயே இருந்தது.

நோய்தான் கொண்டுபோயிற்று என்றார்கள். யாரும் மாஸ்க்கை எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட அவனைக் கொன்றது அம்மாவின் பேச்சு. தொழுகை முடிந்ததும் ஷப்ரீன் அதே விரலால் கம்பியில் தட்டித்தான் அல்லாஹ்வின் பெயரை மனதுக்குள் சொல்லித் திக்ர் எண்ணுவாள். அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா அன்றைய சத்தத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மையித்துக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாள்: "ராத்திரி பூரா திக்ரு எண்ணிக்கினே இருந்தா என் மருமவ. டிங் டிங்குனு என் காதுல வியுந்துக்கினே கீது. அல்லா பேர சொல்லிக்கினே போய்ட்டா. இந்த மவுத்து யாருக்குக் கெடைக்கும்?" பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தௌசீப் சுவரைப் பார்த்து நின்றான்.

ராத்திரி பூரா. அவனுக்குத் தெரியாமலிருந்த கணக்கை அம்மா சொல்லிவிட்டாள்.

போன் அடித்தது. ஷப்ரீனின் தம்பி சிராஜ், சாலவாக்கத்திலிருந்து.

"மச்சான், நாளைக்கு பாத்தியா முடிஞ்சதும் மெஷின எட்துக்கினு போலாமா? இங்க பக்கத்து வூட்டு முனியன் மாமாவுக்கு மூச்சு வுட ரொம்ப முடியல."

"எடுத்துக்கோடா. மாஸ்க் மட்டும் வேற தரேன்."

"வேற இன்னாத்துக்கு? அக்கா போட்டதுதான் பஞ்சு மாரி கீதுன்னு அவருகிட்ட சொல்லிட்டேன் மச்சான். கடைசி ராத்திரி சத்தமே இல்லன்னு ஒங்கம்மா சொன்னாங்களே, அதையும் சொன்னேன். மனுசன் அதுக்குத்தான் காத்துக்கினு கீறாரு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வாயில் "சரிடா" என்றுதான் வந்தது. குத்தூசியால் நான்கு அடைப்பையும் எடுத்துவிட்டால் போதும், முனியனுக்கு ஒன்றும் ஆகாது, யாருக்கும் எதுவும் தெரியவும் தெரியாது என்று கணக்குப் போட்டான். தன் குற்றத்துக்கு இருக்கிற ஒரே சாட்சியையும் தானே அழிக்கப்போகிறோம் என்பதும் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் எழுந்தான்.

எழுந்தபோது கரண்ட் போனது.

செல்போன் வெளிச்சத்தோடு பின்னறைக் கதவைத் திறந்தான். டெட்டால், ஈரச் சுவர், அவள் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் மூன்றும் கலந்த வாசனை. நாற்பது நாள் ஜன்னல் திறந்து வைத்த அறைக்கு அந்த வாசனை வர நியாயமில்லை. மெஷின் மூலையில், பிளக் பிடுங்கி, வயர் சுற்றி, அவன் வைத்தபடியே இருந்தது. காற்றுக் குழாய் தனியாகச் சுருண்டு கிடந்தது. எதனோடும் சேராமல் ஆணியில் தொங்கிய மாஸ்க்குக்குள் அந்த வெள்ளைப் பனி, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்லச் சுருங்கி ஒரு காசளவு ஆயிற்று. பிறகு மெல்ல விரிந்து கிண்ணம் முழுக்க நிறைந்தது. பிறகு சுருங்கியது.

அவனுக்குத் தெரிந்த மூச்சு அது. நிமிடத்துக்கு இருபத்தெட்டு. காற்றுக்குத் தவிக்கிற மூச்சு.

"ஷப்ரீன்" என்றான். மாஸ்க்கை ஆணியிலிருந்து எடுத்தான். உள்ளே கதகதப்பாக இருந்தது.

கொண்டுவந்த குத்தூசியால் முதல் அடைப்பை நெம்பினான். வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது. நான்கும் உள்ளங்கையில் ஈரமாய்ப் பருக்கைபோல் கிடந்தன. வெளிச்சத்தைத் திருப்பி மாஸ்க்கைப் பார்த்தான்.

நான்கு துளைகளும் அடைத்திருந்தன.

மறுபடி நெம்பினான். எட்டு. மறுபடி. பன்னிரண்டு. உள்ளங்கை நிறைந்து தரையில் சிந்தியது. துளைகள் அடைத்தே இருந்தன. பனி வேகவேகமாகச் சுருங்கி விரிந்தது. முப்பத்தாறு. நாற்பது.

அலமாரியில் துணி நழுவி விழுந்தது.

பிளாஸ்டர் முகம். மூடிய கண், மூடிய உதடு. சுண்ணாம்பு வெள்ளையில் மூக்குத்தண்டின் மேல் மட்டும் பட்டை அழுத்திய தடம், புதுசாய், சிவப்பாய். நாற்பது நாளாக அவள் அதைக் கழற்றவேயில்லை என்று தௌசீப்புக்கு அப்போது விளங்கியது. யார் கழற்றுவது? கழற்றச் சொன்னவளைத்தான் அவன் பொறுக்கச் சொல்லிவிட்டானே.

பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக அழுகை இருந்தது. "என்னை மன்னிச்சிடு கண்ணு" என்று அழுதான். நாளைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன், அம்மாவிடம், சிராஜிடம், ஜமாத்திடம் என்று அந்த முகத்தின் முன்னால் சத்தியம் செய்தான். அதற்கு முன், அவள் பட்டதைத் தானும் ஒரு தடவை பட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. கட்டிலில், அவள் படுத்த பள்ளத்தில் படுத்தான். அவளுடைய மோதிரம் அவன் ஆள்காட்டி விரலின் நுனிக்கணுவில் சிக்கிக்கொண்டிருந்தது. எப்போது போட்டோம் என்று நினைவில்லை. மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பட்டையை இழுத்தான்.

பத்து நிமிஷம்தான்.

மெத்தென்று இருந்தது. அவள் முகத்துக்குச் செய்தது, அவன் முகத்தில் தோலோடு தோலாக உட்கார்ந்தது. சத்தமே இல்லை. காற்று வெதுவெதுப்பாக, கொஞ்சம் இனிப்பாக வந்தது. அடுத்த மூச்சு இன்னும் வெதுவெதுப்பு. அடுத்தது கனத்தது. நெற்றிப்பொட்டு துடித்தது.

போதும்.

கையைத் தூக்கினான். கை வரவில்லை. இன்னொரு கை. அதுவும் இல்லை. கால், கழுத்து, எதுவும் இல்லை. வாய் திறக்கவில்லை. ஒரு விரல். வலது ஆள்காட்டி விரல் மட்டும்.

டிங்.

டிங். டிங். டிங்.

கதவு கிறீச்சிட்டது. டார்ச் வெளிச்சம். அம்மா.

"தௌசீப்பு? இருட்டுல இன்னா பண்ணிக்கினு கீற?"

டிங். டிங். டிங். டிங்.

வெளிச்சம் அவன் முகத்துக்கு வந்தது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தது. விரலுக்குப் போனது. அங்கே நின்றது.

"ஓ, திக்ரு எண்ணிக்கினு கீறியா நைனா." அம்மா டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டாள். "அவள மாரியே."

டிங் டிங் டிங் டிங்.

"நாப்பது நாளா கண்ணு மூடல என் புள்ள. அவ மாஸ்க்கு போட்டாத்தான் ஒனக்கும் தூக்கம் வருது போல." போர்வையை இழுத்து அவன் நெஞ்சுவரை போர்த்தினாள். விரலை மட்டும் மூடாமல் விட்டாள். "யா அல்லா, நாளைக்கு அந்த முனியனுக்கும் இதே மாரி தூக்கத்தக் குடு."

வெளிச்சம் வாசலை நோக்கி நகர்ந்தது. போகிற போக்கில் அலமாரியைத் தடவிப் போனது. தௌசீப் பார்த்தான். பிளாஸ்டர் முகத்தின் மூக்குத்தண்டில் தடம் இல்லை. வார்த்தபோது மூடியிருந்த உதடுகள் ஒரு விரற்கடை திறந்திருந்தன. அதன் முன்னால், ஈரக் காற்றில், ஒரு வெள்ளை ஆவி வந்தது. போனது. வந்தது. நிதானமாக.

கதவு மெதுவாக மூடியது.

டிங். டிங். டிங்.

இருட்டில், காதுக்குப் பக்கத்தில், பேச்சு நின்றுபோய் மூன்று மாதமான குரல் ஒன்று, மிகவும் அன்பாகச் சொன்னது:

"பத்து நிமிஷம் பொறுங்க. பழகிடும்."