தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் கொழும்புப் பயணம்

கீழ்த்திசையில் கதிரவன் எழுந்து தூத்துக்குடித் துறைமுகத்து நீரைப் பொன்னாக்கிக்கொண்டிருந்த அவ்வேளையில், வடிவம்மாளின் இல்லத்திலோ இடி இடித்துக்கொண்டிருந்தது.

"ஏளா சண்முகவடிவு! இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலையே, யத்தே..."

"'என் ராசா'ன்னு கொஞ்சுன! என் காதுல விழுந்துச்சு! ரெண்டை வாரிக் குடுத்த வாயிளா அது, மூடு! ஆரு பெத்த பிள்ளை இது?"

"...குப்பையில கெடந்த பிள்ளை, யத்தே."

"ம்! அப்படிச் சொல்லு!"

இதன் காரணம் யாதெனில், மருமகள் சண்முகவடிவு முன்னர் ஈன்ற இரு மகவுகளும் நிலைக்கவில்லை. ஆகவே மூன்றாவதாகப் பிறந்த ஆண்மகவைக் காக்கும்பொருட்டு, மாமியார் வடிவம்மாள் முன்னோர் வழக்கத்தைக் கைக்கொண்டார். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, அடுத்த வீட்டுப் பிளாரன்ஸை எடுத்துக்கொள்ளச் செய்து, பின்னர் அவளுக்கு ஒரு சுளகு தவிடு கொடுத்து அதனை விலைக்கு வாங்கினார். மதிப்பற்ற பிள்ளையென்று காலன் கண்ணெடுத்தும் பாரான் என்பது நம்பிக்கை. குப்பாண்டி என்று அழைத்தும் வந்தனர். ஓராண்டு நிறையும்வரை பெற்றவள் அதனைத் தன் பிள்ளை என்று கூறலாகாது. கூறினால் பிள்ளை தங்காது. அத்தாய் அடைந்த துயரை எங்ஙனம் வருணிப்பது! பாலூட்டும்போதுகூட, "ஊரார் பிள்ளைக்குப் பால் குடுக்கேன்" என்று உரக்கக் கூறிய பின்னரே ஊட்டுதல் வேண்டும்!

இங்ஙனமிருக்க, கொழும்பில் கடை வைத்திருந்த கணவன் செந்தூர்பாண்டி, தான் இன்னும் காணாத மகனையும் மனைவியையும் அழைத்துக்கொள்ள விரும்பினான். கடல் கடப்போர்க்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் புதிதாய் வந்திருந்த காலம் அது. அவன் அரும்பாடுபட்டுப் பெற்றனுப்பிய சீட்டின் தவணை அன்றைய கப்பலோடு முடிவடைவதாயிருந்தது.

துறைமுகத்தில் சீட்டுகளைப் பரிசோதிக்கும் அதிகாரி சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.

"குழந்தை பேரு?"

"குப்பாண்டி" என்றார் வடிவம்மாள்.

"சீட்டுல ஆறுமுகநயினார்னுல்லா இருக்கு?"

"அது சாமிக்கு வச்ச பேரு அய்யா. இது எமனுக்கு."

அதிகாரி சண்முகவடிவை நோக்கினார். "நீங்க சொல்லுங்கம்மா. இது உங்க பிள்ளைதானா?"

அவள் மாமியாரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், வாய் திறந்தாளில்லை.

"அவகிட்ட கேக்காதிய அய்யா" என்று இடைமறித்தார் வடிவம்மாள். "பிள்ளை விலைக்கு வாங்குனது."

"விலைக்கா! ஆருகிட்ட?"

"இந்தா, மக்ரூன் பொட்டலத்தோட நிக்காளே, இவகிட்டதான்."

வழியனுப்ப வந்திருந்த பிளாரன்ஸ் அலறினாள். "மாதாவே! நான் விக்கலைய்யா! வித்தேன்... ஆனா விக்கலை! ஒரு சொளவு தவிடுதான் குடுத்தாவ. அதுலயும் பாதி உமி!"

"ஏளா, கப்பலேறுத நேரத்துலயா தவிட்டைச் சலிக்க?"

"போதும்!" என்று கர்ஜித்தார் அதிகாரி. "இந்தம்மா தம் பிள்ளைன்னு தன் வாயால சொன்னா ரெண்டு பேரும் போகலாம். சொல்லலைன்னா பிள்ளையைக் கப்பலேத்த முடியாது."

பயணிகளை நடுக்கடலில் நின்ற கப்பலுக்கு ஏற்றிச்செல்லும் லாஞ்சு ஊதிற்று. சண்முகவடிவு தன் டிரங்குப்பெட்டியின்மேல் அமர்ந்துவிட்டாள். அவள் கண்களிலிருந்து நீர் அருவியெனப் பெருகிற்று.

"நான் போகலை, யத்தே... அவுக முகத்தை எப்பம் பாக்க முடியுதோ, அப்பம் பாத்துக்கிடுதேன். இது உசுரோட இருந்தாப் போதும்... என் வாயால சொல்ல மாட்டேன்!"

அந்தோ! இரு பிள்ளைகளையும் ராசியில்லாத மருமகளே விழுங்கினாள் என்று தூற்றிவந்த வடிவம்மாள் அச்சொற்களைக் கேட்டார். மறுகணம் அதிகாரியின் மேசையில் ஓங்கி அறைந்தார். மைக்கூடு துள்ளிற்று.

"எழுதிக்கிடுங்க அய்யா! இவ பெத்த பிள்ளைதான்! விடிய விடியத் துடிச்சா, நான் பக்கத்துல நின்னேன்! இவ வயித்துப் பிள்ளை! இவ பிள்ளை!" பின்னர் மேற்கூரையை அண்ணாந்து நோக்கி முழங்கினார்: "ஏலே எமா! நல்லாக் கேட்டுக்க! சொன்னது அவ இல்ல, நான்! வாரதா இருந்தா எங்கிட்ட வா! மேலத்தெரு, பச்சைக்கதவு வீடு! கதவு தெறந்தேதான் கெடக்கும்!"

அதிகாரி பேனாவைப் பிடித்தவாறு தயங்கினார். "அம்மா... விலாசத்தையும் நான் எழுதணுமா?"

எழுதவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

வடிவம்மாள் மருமகளை மார்போடு அணைத்துக் கதறினார். "பெத்தவ உனக்கு எம்புட்டு நொந்துருக்கும்... அதை நெனைக்காம உன்னையே வஞ்சேனே! என் புத்தியச் செருப்பால அடிக்கணும்ளா!"

"அப்படிச் சொல்லாதிய, யத்தே..."

"நீ சொல்லு! நான் சொல்லியாச்சு, இனி என்ன பயம்? வாய் நெறயச் சொல்லு தாயி!"

சண்முகவடிவுக்கு அப்போது அழுகையே எழுந்தது. பிளாரன்ஸும் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடனழுதாள். லாஞ்சுக்காரர் மூன்றாம் முறை ஊதி வைத பின்னரே அவர்கள் பிரிந்தனர்.

லாஞ்சு கரையைவிட்டு நீங்கியதும், அருகிலிருந்த மாதொருத்தி குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "ஆரு பிள்ளைம்மா இது?" என்று வினவினாள்.

"என் பிள்ளை!" என்றாள் சண்முகவடிவு.

பின்னர் வினவாதவர்க்கும் கூறினாள். லாஞ்சு கப்பலை அணுகுவதற்குள், அச்செய்தியை இருமுறையேனும் கேளாதவர் அதில் எவருமிலர்.