மீசை வைத்த வஞ்சிரம்

சுனாமி வந்து ஒரு மாதம் கழித்து, 2005 ஜனவரி கடைசியில்தான் கோவளத்துப் படகுகள் மறுபடி கடலுக்குப் போயின. முதல் நாளே ரெபேக்காளின் அம்மா மீன்கூடையைக் கொண்டுபோனபடியே திரும்பி வந்தாள்.

"ஒண்ணுகூட விக்கலியாம்மா?"

"கேளம்பாக்கம் பிளாட்டுல ஏதோ படம் ஒட்டிக்கிறாங்க. நம்மூரு மீன் வயித்துல மோதிரம் கீதாம். செத்தவங்கள தின்ன மீனாம். உங்க சித்தப்பாவ வாரிக்கினு போன கடலுடி அது." அம்மா கூடையை மூலையில் இறக்கி வைத்தாள்.

அந்தக் குடியிருப்பில்தான் அவளுடைய வகுப்புத்தோழி ஹரிப்ரியா இருந்தாள். மறுநாள் பள்ளியில் கேட்டதும் அவள் தலை குனிந்தது.

"எங்க அப்பாதான் ஒட்டினாரு. அவருக்கு மெயில்ல வந்துச்சு."

மாலையில் இருவரும் குடியிருப்பு வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். அறுத்த மீன், அதன் வயிற்றில் தங்க மோதிரம். மேலே, 'கோவளத்தில் பிடித்த வஞ்சிரம்' என்று எழுதியிருந்தது.

ரெபேக்காள் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

"இதுக்கு மீசை கீது பாரு. வஞ்சிரத்துக்கு ஏது மீசை? எங்க வூட்டுப் பூனைகூட இத நம்பாது."

"அப்பா நம்புவாரு. அவருக்கு வறுத்த மீன்தான் தெரியும்."

"அடியில 1/3ன்னு போட்டுக்கீது, ஒரு பக்கந்தான் கீது. மிச்சம் எங்க?"

"பேப்பர் வீணாகுமேன்னு அப்பா முதல் பக்கம் மட்டும் பிரிண்ட் எடுத்தாரு."

வீட்டில் ஹரிப்ரியாவின் அப்பா பார்த்தசாரதி கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்தார்.

"கடைசி வரைக்கும் காட்டுங்க அங்கிள்," என்றாள் ரெபேக்காள்.

பலர் கை மாறி வந்த மெயில் அது. கீழே போகப் போகப் பழைய தேதிகள். அடியில் முதல் கடிதம் இருந்தது. அதே படம், வேறு ஏதோ நாட்டு ஆற்றில் பிடித்த மீன். கோவளம் என்ற பேச்சே இல்லை. தேதி, ஆகஸ்ட் 2003.

"சுனாமிக்கு ஒரு வருஷம் முன்னாடியே எப்படிப்பா?" என்றாள் ஹரிப்ரியா.

அவர் முகம் வெளுத்தது. "நாற்பது பேருக்கு அனுப்பி வெச்சேனே."

"அந்த நாப்பது பேருக்கும் இதையும் அனுப்புங்க அங்கிள்."

மறுநாள் காலை ரெபேக்காளின் அம்மா குடியிருப்பு வாசலில் கூடையை இறக்கியதும் பார்த்தசாரதிதான் முதல் ஆளாக வந்து நின்றார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் படத்த ஒட்டினது நான்தாம்மா. விசாரிக்காம ஒட்டிட்டேன். மன்னிச்சிடுங்க. ஒரு கிலோ வஞ்சிரம் குடுங்க."

அம்மா உடனே மீனை எடுக்கவில்லை.

"நாப்பது பேருக்கும் சொல்லிட்டீங்களா சார்? பாப்பா சொல்லிச்சு."

"நேத்தே எல்லாருக்கும் எழுதிட்டேன்மா."

"அப்ப சரி," என்று அம்மா அரிவாள்மணையை எடுத்தாள்.