பின்சீட்டில் அமுங்கிய சத்தம்

காலியாகக் கிடந்த பின்சீட்டின் இடது ஓரத்தில் மட்டும் பாட்டு அமுங்கிக் கேட்டது. முதுநகரில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் மரிய அருளுக்கு அந்த அமுக்கம் பழக்கமானதுதான். ஆள் உட்கார்ந்தால் உடம்பு சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும், காலி சீட்டென்றால் கணீரென்று கேட்கும். இங்கேதான் யாருமே இல்லையே! சிதம்பரத்திலிருந்து ட்யூனிங்குக்கு வந்த பழைய கார் அது. தெரு இரைச்சல் கலக்காமலிருக்கக் கண்ணாடிகளை ஏற்றியதும், ரெக்சின் நாற்றத்துக்கு அடியிலிருந்து வேர்த்த உடம்பின் வாடை ஒன்று மெல்லக் கிளம்பி, அவன் மூக்கருகே வந்து நின்றது.

"சனியன் பிடிச்ச ஸ்பீக்கரு," என்று திட்டிக்கொண்டே அதைக் கழற்றிப் புதுசு போட்டான். ஒயரை மாற்றினான். கீச்சு ஓசையைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினான். ஏற்ற ஏற்ற அந்த மூலை இன்னும் இன்னும் என்று விழுங்கியது. சீட்டைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மகள் ஜெனிஃபர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தாயில்லாத பெண், கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாது. அவள் பேச்சு கேட்காத வீட்டில் ஒரு நாள்கூட அவனால் இருக்க முடியாது. வேலை முடிகிற நேரம் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துச் சரிபார்ப்பது அவன் வழக்கம். இன்றைக்கு வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு சீட்டுக்குப் பயப்படுவதா என்று வீம்பும் வந்தது.

"இப்புடி ஓரமா உக்காரும்மா. எப்புடிக் கேக்குதுன்னு சொல்லு."

"ஐஸ்கிரீம் வாங்கித் தரணும், ஆமா," என்று அந்த இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். கணீரென்றது.

ஆள் உட்கார்ந்த பிறகு கணீரென்கிறது. சட்டென்று பாட்டை நிறுத்தினான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தான். ஜெனிஃபர் பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தமில்லை. காலால் முன்சீட்டை உதைத்தாள். சத்தமில்லை. அவள் கை தொண்டைக்குப் போனது.

ஐயோ, மாதாவே!

இறங்கி ஓடிக் கதவைத் திறந்தான். இழுத்தான். நெஞ்சோடு அணைத்தான். அவள் வாயைப் பிளந்து கத்தினாள். காற்றுதான் வந்தது. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டே, திறந்து கிடந்த பானெட்டுக்குள் கைவிட்டுப் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

டேஷ்போர்டு விளக்குகள் அணைந்தன. யாருமில்லாத பின்சீட்டிலிருந்து, ஒரு துளி கரகரப்பில்லாமல், ஜெனிஃபரின் குரல் சிரித்தது.

"நல்லா கேக்குதுப்பா. நீயும் வந்து உக்காரு."