அந்தரத்தில் நின்ற ‘க்’

காலை 10.20. ஊசி போட்ட இரண்டாம் நிமிடம், ஏழாம் கட்டில் அம்மாளுக்கு மூச்சு அடைத்தது. பெனிசிலின் அவர் உடம்புக்கு ஆகாது. உயிர் மயிரிழையில் தங்கியது.

11.45. உறவினர்களின் புகாரின் பேரில் பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் வார்டுக்கு வந்தார். கணினித் திரையில் நோயாளியின் குறிப்பு: ‘பெனிசிலின் கொடுக்கக்’.

“இதைப் பாத்துத்தான் போட்டேன். எழுதினது தலைமை நர்ஸ்” என்றார் டாக்டர்.

“‘கூடாது’ன்னு எழுதினேன் மேடம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தப்பு கிடையாது” என்றார் நர்ஸ்.

“அப்போ அந்த வார்த்தைக்குக் கால் முளைச்சுதா?” என்று சீறினார் நோயாளியின் மகன்.

ஓரமாக நின்ற புரோகிராமர் தன் செருப்பையே பார்த்தான். நோயாளிகளின் குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் அந்தத் தரவுத்தளம் அவன் கட்டியது. நேற்று வரை நர்ஸ், நோயாளிக்கு ஒரு வரி என்று சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் தட்டி வைத்திருந்தார். “இதுவே போதுமே தம்பி” என்றவரிடம், “இது என்ன மளிகை லிஸ்டாக்கா?” என்று கேட்டு வார்டையே சிரிக்க வைத்தான். நேற்று அந்த வரிகளை ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. நச்சரிப்பு என்று அதை அணைத்துவிட்டான்.

12.10. இன்ஸ்பெக்டர் திரையை வாய்விட்டுப் படித்தார். “‘கொடுக்க’ன்னு முடிஞ்சா சரி. கடைசியில இந்த ‘க்’ எதுக்கு?”

அவர் அந்த ‘க்’ மேல் விரல் வைத்தார்.

“அடுத்த வார்த்தை ‘க’வுல தொடங்கினாத்தான் அது வரும். நர்ஸம்மா ‘கூடாது’ன்னு எழுதியிருக்காங்க. கையால அழிச்சவன் ‘க்’கையும் சேத்து அழிச்சிருப்பான். இது மெஷின் வெட்டு. ஏத்தினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“குறிப்பு ஏத்துற கட்டத்துல எத்தனை இடம்?”

“அறுபது.”

“இதுல அத்தனை எழுத்து இல்லையே?”

அவன் விரல் விட்டு எண்ணிக் காட்டினான். “இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழ்ல ‘ன’வுக்கு மூணு, அதோட புள்ளிக்குத் தனியா மூணு. ‘பெனிசிலின்’ முப்பது, ‘கொடுக்கக்’ இருபத்தேழு, இடைவெளி ரெண்டு. மொத்தம் அம்பத்தொன்பது. மிச்சம் ஒரு இடத்துல ‘கூ’ நுழையாது. நான் இங்கிலீஷ்ல மட்டும்தான் சோதிச்சேன். அதுல ‘கூடாது’ முன்னாடியே வந்துடும். தமிழ்ல கடைசியிலதான் வரும்.”

“அப்போ தரவுத்தளம்தான் குற்றவாளியா?”

“இல்ல மேடம். அது வெட்டுறேன், வெட்டுறேன்னு கத்துச்சு. நான்தான் வாயைப் பொத்தினேன்.”

கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்து பழைய ஃபைலை அவனே எடுத்துத் திறந்தான். கட்டமில்லாத வரி, வெட்டுப்படாமல் இருந்தது: ‘பெனிசிலின் கொடுக்கக் கூடாது’.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் அவர் முன்னால் போய் நின்றான். “அக்கா, உங்க மேல பழி வந்தப்பவே எனக்குச் சந்தேகம். ஆனா நான்...” குரல் நின்றுவிட்டது.

“முழுசா சொல்லுங்க தம்பி” என்றார் நர்ஸ். “பாதியில நின்னா அர்த்தம் மாறிடும்.”

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. அதே வார்டு.

“வாயைத் திறக்கல” என்றான்.