வீட்டுப் படத்தில் தூவிய முகம்

படத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்த முகத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒளித்து வைத்தபோது மூடியிருந்த வாய். ஜெயகுமாரிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தொண்ணூற்றேழில் இப்படியொரு ஆராய்ச்சி என்றால் நாகலூர் மாதிரி மலைக் கிராமத்தில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஒரு படத்தை மெல்லிய அலைகளாகப் பிரித்து, அந்த அலைகளுக்குள் இன்னொரு படத்தைத் தூவி, மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு முதல் படம் மட்டும்தான் தெரியும். இன்று சோதனைக்காகத் தன் வாடகை வீட்டின் படத்தை எடுத்து, அதற்குள் தன் முகத்தைத் தூவியிருந்தாள். இன்னும் கம்ப்யூட்டரில் சேமிக்கவில்லை; அணைத்தால் அழிந்துவிடும்.

ஏதோ கணக்குத் தப்பு என்று சொல்லிக்கொண்டு, படத்தில் வாசல் பக்கத்தை வெட்டிப் பார்த்தாள். மிச்சத்திலிருந்தும் முகம் முழுசாக வந்தது, கொஞ்சம் மங்கலாக. ஜன்னலை வெட்டினாள். கூரையை வெட்டினாள். போகவில்லை. முகம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால்தானே வெட்டுவதற்கு? வாய் மட்டும் ஒவ்வொரு முறையும் இன்னும் அகலமாகத் திறந்தது.

மகள் செல்வமேரி பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று பதறி எழுந்தாள். ஜன்னல் இடுக்கில் மூடுபனி கசிந்து, ஈரச் சுவரின் வாடையோடு எஸ்டேட் களத்தில் காய்கிற காப்பிக்கொட்டையின் புளித்த வாடையும் வந்தது. சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனிநீர் ஓட்டில் சொட்ட, ஒவ்வொரு சொட்டும் அவள் தோலில் விழுவதுபோல் குளிர்ந்தது. போல் அல்ல. விழுந்தது.

கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். கை கதவில் இருந்தது. தரையிலும் இருந்தது. சுவரெங்கும் இருந்தது. பிடிக்க விரல் இல்லை.

கதவு வெளியிலிருந்து திறந்தது. எஸ்டேட் வாட்ச்மேன் சென்றாயன் செல்வமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஏனுங்க டீச்சரம்மா! பஸ்ஸுக்கு வரலீங்களா?” என்று கூப்பிட்டுப் பார்த்தார். “ஊட்டுல ஆரையும் காணோமே சாமி.”

“அம்மா உள்ளதான் இருக்காங்க. அவங்க எண்ணெ வாசம் வருதுங்க.”

“எந்தப் பக்கமிருந்து வருது கண்ணு?”

செல்வமேரி மெல்லச் சுற்றிப் பார்த்தாள். “எல்லாப் பக்கமும்.”

ஜெயகுமாரி கத்தினாள். ஓடாக, சுவராக, தரையாகக் கத்தினாள். மகளின் பின்னலில் இருந்த ரிப்பன்கூட அசையவில்லை.

“மிஷினை அணைக்காம எங்கியோ போயிட்டாங்க பாரு. கரண்டு நொம்ப ஆபத்து. வா சாமி, அம்மா வர்ற வரைக்கும் நம்ம ஊட்டுல இரு.” சென்றாயன் சுவரோரமாகக் குனிந்தார்.

சேமிக்கவில்லை. இன்னும் சேமிக்கவில்லை.

திரையில் அவள் முகம் முழுவதும் வாயாகியிருந்தது. சென்றாயனின் விரல் சுவிட்சைத் தொட்டது.