மூன்றாவது "பார்த்தேன்"

துப்பாக்கி கைமாறும்போது இரண்டு பேர் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மூன்று தடவை கேட்டது.

மாஸ்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி சுடும் கிளப்பில் இருபது வருடமாகப் பயிற்சி கொடுக்கிற மனிதர். இந்த வழக்கம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. கொடுக்கிறவர் மேல்தகட்டைப் பின்னால் இழுத்து, குண்டு உட்காரும் துளைக்குள் எட்டிப் பார்த்து, காலியாக இருந்தால் "பார்த்தேன்" என்பார். வாங்குகிறவரும் குனிந்து பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்பார். அப்புறம்தான் பிடியை முன்னால் நீட்டிக் கொடுப்பது. நடுவில் ஒரு நிமிடம் கீழே வைத்து எடுத்தாலும் மறுபடி முதலிலிருந்து. அவருடைய எட்டு வயது மகள் டிவி ரிமோட்டைக்கூட அப்படித்தான் கொடுப்பாள். "அப்பனும் மகளும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்காம விடமாட்டீங்க" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகள் இப்போது வெளியே காரில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளைக் கடைக்குள் விடமாட்டார்கள்.

"பத்தே நிமிஷம், வாலு. கதவைத் திறக்கக் கூடாது."

"உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா? போனைக் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்துவிட்டு வந்தார். ஷோரூம் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கனத்த கண்ணாடிக் கதவுகள். அதற்கப்பால் மழை. பத்தடி தூரத்தில் கார், முன் சீட்டில் போன் வெளிச்சத்தில் அவள் முகம். அந்த முகம் தெரிகிற மாதிரிதான் மாஸ்டர் நின்றுகொண்டார்.

கிளப்புக்குப் புதிதாகப் பன்னிரண்டு துப்பாக்கி வாங்க வேண்டும். பழைய வகையா, புதிய வகையா என்று கமிட்டியில் ஆளுக்கொரு பேச்சு. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள். துப்பாக்கி செய்கிறவரே கடையையும் நடத்துகிறார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, நகத்தில் மட்டும் போகாத கறுப்பு. மேசையில் பச்சைக் கம்பளத் துணி விரித்த ஒரு தட்டு. அதில் இரண்டு பள்ளம். ஒன்றில் புதிது, மற்றதில் பழையது.

"இது ரெண்டும் பள்ளத்துல இருந்தாத்தான் கதவு திறக்கும், மாஸ்டர். ஒண்ணு வெளியே வந்தாலும் வாசல் கதவு, பட்டறைக் கதவு எல்லாம் பூட்டிக்கும். திருட்டுப் பயம். நானே செஞ்சு வெச்சது" என்றார் பெருமையாக. கதவுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. புதிய துப்பாக்கியைத் தூக்கினார். விளக்கு சிவப்பானது.

இரண்டு "பார்த்தேன்" ஆனதும் கைமாறியது. புதியது கையில் இருப்பதே தெரியவில்லை. பாதி பிளாஸ்டிக். விசை சமர்த்தாக நகர்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சவும் ஒன்றுமில்லை. திருப்பி வைத்தார்கள்.

"இது எங்கப்பா செஞ்சது" என்று கடைக்காரர் பழையதை எடுத்தார். முழுக்க இரும்பு, தேய்ந்த மரப் பிடி. திறந்து பார்த்து "பார்த்தேன்" என்றார். மாஸ்டரும் குனிந்து, "பார்த்தேன்" என்றார்.

"பார்த்தேன்."

மெதுவாக, மேசைக்குப் பக்கவாட்டிலிருந்து. அங்கே சுவர்தான் இருந்தது.

கடைக்காரர் நிமிரவே இல்லை. "எதிரொலி. காலி ரூம் பாருங்க" என்றார் கொஞ்சம் அவசரமாக.

எதிரொலி முதல் தடவை எங்கே போயிருந்தது என்று கேட்க மாஸ்டருக்கு வாய் வந்தது. ஆனால் அதற்குள் அந்த இரும்பு கைக்கு வந்துவிட்டது. அடடா, என்ன கனம்! தோள் வரைக்கும் போய் உட்கார்ந்தது. இதில் பழகினால் பிள்ளைகளுக்குக் கை ஆடாது, இதுதான் துப்பாக்கி என்று மனசு அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. ஆள்காட்டி விரல் விசைக்குப் போனால் பிடியைச் சுற்ற மிச்சம் மூன்று விரல். அந்த மரத்தில் தேய்ந்திருந்த பள்ளம் நான்கு.

பட்டறையில் போன் அடித்தது. கடைக்காரர் பழையதை வாங்கிப் பள்ளத்தில் வைத்தார். விளக்கு பச்சையானது.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். பழசை மட்டும் தொடாதீங்க, மாஸ்டர். தனியா இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது. பதில் சொல்ல ஆள் வேணும்."

பட்டறைக் கதவு சாத்திக்கொண்டது.

மழைச் சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட, உள்ளே எண்ணெய் வாசனையும் பழைய மர வாசனையும், அவற்றுக்கு அடியில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த மாதிரி இன்னொரு வாசனையும் மெல்ல மெல்ல எழுந்து வந்து மூக்கில் நின்றது. மாஸ்டர் காரைப் பார்த்தார். வாலு போனில் மூழ்கியிருந்தாள். தட்டைப் பார்த்தார். எனக்கே பாடம் எடுக்கிறாரா இந்த ஆள் என்று ஒரு சின்ன வீம்பு. இருபது வருட அனுபவத்தில் இந்த வீம்பும் சேர்த்தி.

எடுத்தார். விளக்கு சிவப்பானது. மேல்தகட்டை இழுத்தார்.

கண் போவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார்.

பார்க்கவில்லை. சொல்லிவிட்டார், பார்க்கவில்லை.

"பார்த்தேன்."

இடது காதுக்குப் பக்கத்தில். ஈர மூச்சோடு.

அவர் கை நீண்டது. அவர் நீட்டவில்லை. இருபது வருடப் பழக்கம் நீட்டியது, பிடி முன்னால், பணிவாக. ஏதோ அதைப் பற்றியது. பிடியைச் சுற்றிப் பூனை நகம் மரத்தில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். கனம் போய்விட்டது. போகிற போக்கில் அந்தத் துளைக்குள் மஞ்சளாக ஏதோ மின்னியது. குண்டின் பித்தளையா? விளக்கு வெளிச்சமா?

கை காலி. தட்டில் பழையதன் பள்ளம் காலி. தரையிலும் இல்லை.

பட்டறைக் கதவை ஓங்கி அடித்தார். "ஐயா! திறங்க!"

அந்தப் பக்கம் கடைக்காரரின் குரல், கதவோடு வாய் வைத்துப் பேசுகிற மாதிரி. "திறந்துட்டீங்களா, மாஸ்டர்?"

"கதவைத் திறங்கய்யா முதல்ல!"

"கையிலேர்ந்து குடுத்துட்டீங்களா?"

"ஆமா! ஃபியூஸைப் பிடுங்குங்க!"

"பிடுங்கினா இன்னும் இறுகும். நான்தானே செஞ்சேன்." அழுகிறாரா? "தட்டு நிறைஞ்சாத்தான் திறக்கும். எங்கப்பாவும் இந்த ரூம்லதான்... கேளுங்க மாஸ்டர், அது குடுத்தவங்களைத் தேடிப் போகாது. அடுத்து யார் முறையாப் பதில் சொல்வாங்களோ, அவங்ககிட்டதான் போகும். வேற யாருக்கும் அந்தச் சொல் தெரியாதே? வெளியில யாருக்கும் தெரியாதே?"

மாஸ்டர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

வாசல் கண்ணாடிக்கு ஓடினார். புதிய துப்பாக்கியை எடுத்து அதன் அடியால் இடித்தார். கீறல்கூட விழவில்லை. "வாலு! கண்ணம்மா! இங்க பாரு! அப்பாவைப் பாரு!" குரல் கண்ணாடியில் பட்டுத் தன் முகத்துக்கே திரும்பி வந்தது.

காரின் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. மழை உள்ளே அடித்தது. அவர் பூட்டிய கதவு.

வாலு போனை மடியில் வைத்துவிட்டாள். பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பயம் இல்லை அவள் முகத்தில். வகுப்பில் பேர் கூப்பிட்டால் நிமிர்கிற முகம்.

குனிந்தாள். எதையோ எட்டிப் பார்த்தாள், சமர்த்தாக, அப்பா சொல்லித் தந்த மாதிரி.

உதடு அசைந்தது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தக் கனத்துக்கு அவள் தோள் சரிந்தது.

"வேணாம். வேணாம்டா. கீழே வெச்சுடு."

அவள் கீழே வைக்கவில்லை. கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதானே விளையாட்டு. மேல்தகட்டை இழுக்க அவளுக்குப் பலம் போதவில்லை. இழுத்தது போதும் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே பார்க்காமலே உதடு அசைந்தது. அப்பா மாதிரியே.

பிடியை முன்னால் வைத்து, குழலைத் தன் நெஞ்சுப் பக்கம் வைத்து, காலி சீட்டை நோக்கி நீட்டினாள். சிரித்தாள். கையை எடுத்தாள்.

துப்பாக்கி கீழே விழவில்லை.